துண்டுக்கு அடியில்

முப்பத்தோராவது நொடியில் அவள் குனிகிறாள். அதுவரைக்கும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு அப்புறமும் சிரிக்கிறாள், நடுவில் அந்த ஒரு நொடி மட்டும் சிரிப்பு அணைந்து, கண் தாழ்ந்து, உதடு லேசாக அசைகிறது. அவள் இந்த ஊர்ச் சந்தையில் கடை போட்டிருக்கிறவள், எதிரே நிற்கிறவர் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். அவர் கையும் அவள் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கின்றன. மொத்தம் நாற்பத்திரண்டு நொடி வீடியோ. ஒரு வருஷமாக இதைக் கடையில் பார்த்தேன், கக்கூஸில் பார்த்தேன், குலதெய்வம் கோயிலில் பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், இப்போது இந்த டா நாங் ஊர்க் கடற்கரையில், விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரத்தில், மணலில் உட்கார்ந்து பார்க்கிறேன். வியட்நாம் வரைக்கும் வந்து கடலைப் பார்க்காமல் கையகல போனைப் பார்க்கிற கழுதை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடல் பாட்டுக்கு வருகிறது, போகிறது. வெயில் ஏறினால் தண்ணீர் தீர்ந்துபோய்விடும் என்கிற மாதிரி ஊரே திரண்டு வந்து இந்நேரத்துக்கே குளிக்கிறது. கரையில் பரிசல் கவிழ்ந்து கிடக்கிறது. நம் பவானிசாகரில் விடுகிற அதே வட்டப் பரிசல்தான், கொஞ்சம் பெரிசு. போன வருஷம் திரும்பி வந்ததும் அவர் வாயைத் திறந்து முதலில் சொன்னதே இந்தப் பரிசலைத்தான். "மயிலா, கடல்ல பரிசலு உடறாங்க புள்ள, நீ பாக்கோணுமே." இப்போது பார்த்துவிட்டேன். நல்லாத்தான் இருக்கிறது. நல்லா இருக்கிறது என்பதே எரிகிறது. எனக்கு முன்னால் இதை அவர் பார்த்துவிட்டார், பார்க்கும்போது பக்கத்தில் நான் இல்லை, வேறு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அனுப்பி வைத்தது நானேதான். சிமெண்ட் கம்பெனிக்காரன் வருஷத்துக்கு இத்தனை லோடு தள்ளினால் டீலருக்கு வெளிநாட்டு டூர் என்பான். தள்ளியது நான், லைசென்சு அவர் பேரில், டிக்கெட் ஒன்று. "கடைய ஆரு பாக்கறது, நீங்க போயிட்டு வாங்க" என்று பெரிய மனசு பண்ணினேன். பேரம் பேசாமல் நான் விட்டுக்கொடுத்த ஒரே சரக்கு அதுதான், அதற்குத்தான் இந்த அனுபவிப்பு. இந்த வருஷம் பாங்காக் என்றார்கள். எனக்கு பாங்காக்கும் வேண்டாம், உங்கள் கும்பலும் வேண்டாம், போன வருஷத்து ஊருக்கே டிக்கெட் போடு, நான் ஒருத்தி மட்டும் என்றேன். கம்பெனி ஆபீசர் இழுத்தார். "அப்படியெல்லாம் ரூல்ஸ் இல்லீங்கம்மா." "ரூல்சா? மார்ச் மாசக் கடைசில உங்க டார்கெட்டு முட்டுலன்னு என்ற குடோன்ல எரநூறு மூட்டைய ராவோட ராவா எறக்குனீங்களே, அது எந்த ரூல்சு?" ஒரு வாரத்தில் டிக்கெட் வந்துவிட்டது.

போன் அடிக்கிறது. அவர்தான். அங்கே மணி நாலேகால் இருக்கும், மாட்டுக்காரன் தூக்கம் அவ்வளவுதான், தரகு வேலையை விட்டு இருபத்தாறு வருஷமாகியும் சந்தைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். "எந்திரிச்சிட்டயா?" "கடலோரம் உக்காந்திருக்கறனுங்க." "உள்ள எறங்கீராத, இழுத்துரும்." "நான் எதுக்கு எறங்கறேன்." "செரி. அந்த ஊதாக்கரைத் துண்ட எங்க வச்ச? காணோம்." என் மடியில் கிடக்கிறது அந்தத் துண்டு. வீடியோவில் இருக்கிற அதே துண்டு. "கொடில கெடக்கும் பாருங்க." "பாத்துட்டனே." "அப்ப பீரோவுக்குள்ள." "ம்" என்கிறார். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. "வெச்சறட்டுங்களா?" "வெச்சுரு." இந்த மனுஷன் இப்படித்தான். வாயால் பேசுகிற ஆள் இல்லை. பொள்ளாச்சி சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர், அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள், நாலு பேர் காதில் விழுந்தால் வியாபாரம் கெட்டது, வாங்குகிறவன் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு விரலால் பேசுவார்கள். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, அதை நூறாக எடுக்கவேண்டுமா ஆயிரமாக எடுக்கவேண்டுமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுண்டு விரலைத் தனியாக யாரும் தொடமாட்டார்கள், அதற்கு விலை கிடையாது. கடை போட்ட முதல் வருஷம் ஒரு காண்ட்ராக்டர் வந்தான், சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தால் இப்படித்தான் கலப்பட மூட்டை வரும் என்று நாலு பேர் முன்னால் கத்தினான். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆமாம், எனக்குத்தான். இன்றைக்கு லாரிக்காரன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் அவன் வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிகிறவளுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அப்போது மேசைக்கு அடியில், என் மடிமேல் கிடந்த துண்டுக்குள் அவர் கை வந்தது. என் சுண்டு விரலின் நடுக்கணுவை இரண்டு தடவை அமுக்கியது. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று அந்தக் காண்ட்ராக்டரின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன். சாயங்காலம் கேட்டேன், "ரெண்டு அமுக்கு அமுக்குனீங்களே, மூட்டைக்கு ரெண்டு ரூவா கொறைக்கச் சொன்னீங்களா?" என்று. "வெலை இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் பக்கத்துல இருக்கறன்னு சொன்னேன்" என்றார்.

அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வரிதான். அப்புறம் என் அம்மாவைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு தரம் அமுக்கினார். கர்ப்பப்பையை எடுக்க என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, பச்சைத் துணிக்கு அடியில் ஒரு தரம், அந்த நர்சு கூட, "ஏங்கையா கைய உடுங்க, லேட்டாகுது" என்று அதட்டினாள். அடுத்த வீட்டுக்காரிக்குப் புருஷன் தங்க வளையல் போடட்டும், கன்னத்தைக் கிள்ளட்டும், எனக்கு ஒன்றுமில்லை, என்னிடம் இது இருந்தது. உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சாமான் ஒன்று என்னிடம் இருந்தது. இருந்ததா, இருக்கிறதா, அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். முப்பத்தோராவது நொடியில் துண்டுக்கு அடியில் அவர் எந்த விரலை அமுக்கினார்? நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லை என்பார், இல்லை என்பதற்கு முன்னால் ஒரு நொடி தாமதிப்பார், அவர் எதற்கும் தாமதிக்கிற ஆள்தான், அந்தத் தாமதத்தை வைத்துக்கொண்டு நான் இன்னொரு வருஷம் சாகவேண்டும். அதனால் முடிவு பண்ணிவிட்டேன். வீடியோவில் இருக்கிற அந்தச் சந்தைக்குப் போவது, அவளைக் கண்டுபிடிப்பது, அதே துண்டைப் போட்டு என் கையைக் கொடுப்பது. அவளுக்கு அந்த இரண்டு அமுக்கு தெரிந்திருந்தால், ஊர் போய் இறங்கின அன்றைக்கே சென்னியப்பனுடைய பெட்டி படுக்கையைக் கட்டி அவர் அண்ணன் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவது. கல்லாவில் நான் தனியாக உட்காருவேன். வீட்டிலும்தான்.

வெயில் ஏறிவிட்டது. நடக்கிறேன். ரோட்டைத் தாண்ட முடியவில்லை, ஸ்கூட்டர்கள் ஆடிமாசத்து வாய்க்கால் மாதிரி நிற்காமல் வருகின்றன, ஒருத்தனும் பிரேக் போடமாட்டேன் என்கிறான், ஒருத்தனும் இடிக்கவும் மாட்டேன் என்கிறான். பால்சட்டி மாதிரித் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் எனக்குச் சைகை காட்டினாள், நிற்காதே, நடந்துகொண்டே இரு, நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று. என்னிடம் வந்து சொல்கிறாள், நின்றால் செத்தோம் என்று. நான் எங்கே நின்றேன்? பன்னிரண்டு வயசில் செங்கல் தூக்கப் போனதிலிருந்து ஒருநாள் நின்றதில்லை. ஓரத்துக் கடையில் குட்டி ஸ்டூல் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடுகிறது. காபி வந்தது. அடியில் டப்பாவில் வருகிற கெட்டிப்பால், மேலே கரிக்கட்டை மாதிரிக் காபி, நிறைய ஐஸ். ஒரு வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன், ருசியால் இல்லை. போன வருஷம் வந்த நாளிலிருந்து அவர் காபிக்கு டப்பாப் பால் வாங்கி வரச் சொல்வார். வீட்டில் கறவைமாடு இரண்டு நிற்கும்போது டப்பாப் பால். "என்னங்க இது புதுப் பழக்கம்?" என்றால் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு இங்கே, இந்த டம்ளருக்கு அடியில் கிடக்கிறது, ஸ்பூனால் கலக்கிப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாத ஒரு சென்னியப்பன் இந்த ஊரில் நாலு நாள் இருந்திருக்கிறார். இந்த ஸ்டூலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார், நாச்சிமுத்து ஏதாவது சொல்லியிருப்பான், இவர் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார். இந்த நாச்சிமுத்துதான் ஊத்துக்குளி டீலர், வீடியோ எடுத்தவன், டீலர் குரூப்பில் போட்டு 'அண்ணன் வியட்நாமில் தரகு' என்று எழுதினவன். அவன் பெண்டாட்டி சரசு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், என் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "என்னக்கா, அண்ணனுக்கு அங்கயும் ஒரு கடை இருக்குதாமா?" என்றாள். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். "ஆமா சரசு, உன்ற ஊட்டுக்காரருதான் அங்க மூட்டை தூக்கறாராமா" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்காமல் எழுந்து வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் அந்தத் தொப்பியை ஒழித்தேன். வீடியோக்காரியிடம் அவர் வாங்கி வந்த கூம்புத் தொப்பி, ஓலையில் பின்னினது, பச்சை நாடா கட்டினது, அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதெல்லாம் போட்டுக்கொண்டு நிற்பார். வெளியே வெந்நீர் போடுகிற தண்ணி அடுப்பில் வைத்துக் கொளுத்தினேன். ஓலை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது. காற்றில் போய்விட்டது என்றேன். இரண்டு நாள் வேலியோரம் தேடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, தேடு தேடு என்று இருந்தது.

ஆற்றைத் தாண்டினால் சந்தை. கீழே கருவாட்டு நாற்றம், காய்ந்த கணவாயைக் காகிதக் கட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள், மேலே துணி, செருப்பு, பை. ஆளாளுக்குக் கால்குலேட்டரை நீட்டுகிறார்கள், "மேடம், மேடம், சீப்." அவர்கள் ஒரு எண்ணைத் தட்ட நான் ஒரு எண்ணைத் தட்ட, வேறு நாளாக இருந்தால் இந்தச் சந்தையையே சாயங்காலத்துக்குள் பாதி விலைக்கு முடித்திருப்பேன். இன்றைக்குக் கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு நடக்கிறேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன், பின்னால் ஒரு சிவப்புக் காலண்டர், ஒரு கம்பியில் தொங்கும் சின்ன ஃபேன். மூன்றாவது வரிசையின் மூலையில் அதே காலண்டர், ஆனால் இந்த வருஷத்தது. அதற்குக் கீழே அவள். வீடியோவில் முப்பத்தைந்து மதிப்பேன், நேரில் என் வயசு இருக்கும். கன்னத்தில் வெயில் படை. இரண்டு விரலில் பிளாஸ்திரி. யாரோ ஒரு கடைக்காரியைப் பார்த்துக் காட்டமாக ஏதோ கத்திக்கொண்டே தொப்பிகளை அடுக்குகிறாள், சரியாக அடுக்காத ஒன்றை எடுத்து மறுபடி அடுக்குகிறாள். அழகாக இருந்திருந்தால் தேவலை. ஆம்பளை, அழகில் பல்லை இளித்தான் என்று காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். இவள் என்னை மாதிரி இருக்கிறாள். அதுதான் தாங்கவில்லை. என்னை மாதிரி ஒருத்தியிடம் அவர் சிரித்திருக்கிறார், என்னிடம் சிரிக்காத சிரிப்பை. நான் துண்டைப் பையிலிருந்து எடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன், உதறக்கூட இல்லை. ஊதாக்கரையைப் பார்த்ததும் அவள், "ஆ!" என்று கையைத் தட்டினாள். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள், மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்து மீசை முறுக்கிக் காட்டினாள். அவர் மீசை. ஒரு வருஷம் கழித்து, இத்தனை ஆயிரம் பேர் வந்துபோகிற இடத்தில், என் வீட்டுக்காரர் மீசை இவளுக்கு ஞாபகம் இருக்கிறது. என் அடிவயிற்றில் தண்ணி அடுப்பு எரிந்தது.

நான் கேட்காமலே கையைத் துண்டுக்கு அடியில் நீட்டினாள். ஒரு தொப்பியை மோவாயால் காட்டினேன். அவள் என் நாலு விரலைப் பிடித்தாள். நல்லாத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார், பிடியில் சந்தேகமே இல்லை, சந்தைத் தரகன் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறாள். நான் ஒன்றைப் பிடித்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கொள்ளைக்காரி என்றுதான் திட்டியிருக்கவேண்டும், எந்தப் பாஷையாக இருந்தாலும் அந்தத் தொனி எனக்குத் தெரியும். "நீ மட்டும் ஆராமா?" என்றேன் தமிழிலேயே. மூன்று என்றாள். ஒன்றே என்றேன். கை சூடாக, சொரசொரவென்று இருந்தது, பிளாஸ்திரியின் ஓரம் என் உள்ளங்கையில் உராய்ந்தது. இந்தக் கைதானா, இந்தக் கைதானா. நான் இரண்டைப் பிடித்து இறுக்கினேன். அப்போது அவள் குனிந்தாள். சிரிப்பு அணைந்தது, கண் தாழ்ந்தது, உதடு லேசாக அசைந்தது. முப்பத்தோராவது நொடி, இரண்டு அடி தூரத்தில், என் முகத்துக்கு நேரே. உதட்டைப் பார்க்கிறேன், அது அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. கணக்கு. கணக்குப் போடுகிறாள். இதற்குக் கொடுத்தால் எனக்கு என்ன நிற்கும் என்று மனசுக்குள் கழித்துப் பார்க்கிறாள். அட என் தாயே, நானும் இப்படித்தான் குனிவேன், லாரி வாடகையையும் இறக்குக்கூலியையும் கழிக்கும்போது எனக்கும் சிரிப்பு அணையும், மேஸ்திரிகள் கூட, "அக்கா குனிஞ்சிட்டா, வெலை படிஞ்சுது" என்பார்கள். ஒரு வருஷம். ஒருத்தி லாபம் கணக்குப் பார்த்ததை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் நான் சோறு தின்னாமல் கிடந்தேன்.

அங்கேயே கையை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் நான் மயிலாத்தா இல்லையே. நல்லா முடிந்த பேரத்தில் கூட இன்னும் ஒரு ரூபாய் இழுத்துப் பார்க்கிற புத்தி, அது ஒன்று என்னைவிட்டுப் போகாது. குனிந்தது கணக்குக்காக இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னாலோ பின்னாலோ? வீடியோ நாற்பத்திரண்டு நொடிதானே, அது முடிந்த அப்புறம்? முகம் பொய் சொல்லாது, இந்த நொடியில் அமுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். யோசிப்பதற்கு முன்னால் விரல் போய்விட்டது. அவளுடைய சுண்டு விரலைத் தேடிப் பிடித்து, நடுக்கணுவில், இரண்டு தடவை அமுக்கினேன். அமுக்கிவிட்டு அவள் கண்ணையே பார்த்தேன். அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. ஞாபகம் இல்லை, கூச்சம் இல்லை, திருட்டு இல்லை. புருவத்தைச் சுருக்கினாள், புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் முகம் மலர்ந்தது. அடுக்கிலிருந்து இன்னொரு தொப்பியை எடுத்து முதல் தொப்பியின்மேல் கவிழ்த்து வைத்தாள். இரண்டு. இரண்டு தொப்பி கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சரிதானா என்று கேட்க, துண்டுக்கு அடியில் என் சுண்டு விரலைப் பிடித்து, நடுக்கணுவில், இரண்டு தடவை அமுக்கினாள். அவர் அமுக்குகிற மாதிரியே. அதே இடம், அதே அழுத்தம், நடுவில் அதே சின்ன இடைவெளி, ஏனென்றால் நான்தானே அப்படியே அமுக்கிக் காட்டினேன். அவர் கொடுக்கவில்லை. இங்கே நாலு நாள் சிரித்தார், காபி குடித்தார், துண்டைப் போட்டார், விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்தார், இதை மட்டும் கொடுக்கவில்லை. நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, அவர் துண்டையே திருடிக்கொண்டு வந்து, நான் கொடுத்துவிட்டேன். இனி இந்த மூலையில் துண்டோடு எவன் வந்து நின்றாலும், ஏன், அடுத்த வருஷம் அந்த நாச்சிமுத்து வந்து நின்றால்கூட, அவன் விரலை இவள் இப்படி அமுக்குவாள். இரண்டா? இரண்டுதானே? நான் பணத்தைக் கொடுத்தேன். படிந்த விலையை விட்டுவிட்டு, அவள் முதலில் கேட்ட நாலையே கணக்காகக் கொடுத்தேன். அவளுக்கே ஆச்சரியம், மீதியைத் திருப்பி நீட்டினாள், நான் வாங்காமல் நடந்தேன்.

ஆற்றோரம் ஒரு சிமெண்ட் பெஞ்சு. கலவை சரியில்லை, மூலையில் பொரிந்திருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்த தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சுண்டு விரலை என் கட்டைவிரலாலேயே அமுக்கிப் பார்த்தேன், இரண்டு தரம். ஒன்றும் தெரியவில்லை, எலும்புதான் தட்டுப்பட்டது. மதியத்துக்கு மேல் போன் வந்தது. "சாப்புட்டயா?" "ஆச்சுங்க." பொய். "ஊரு எப்படி?" "பரவால்லீங்க. பரிசலு பாத்தேன்." அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது, அந்தச் சிரிப்பேதான், எனக்கே எனக்காக. "என்ன வாங்குன?" "தொப்பி. ரெண்டு." "எதுக்கு ரெண்டு?" ஆற்றில் ஒரு படகு போனது, அது போய் முடிகிற வரைக்கும் பார்த்தேன். "ஏனுங்க, உங்க தொப்பி காத்துல போகலீங்க. நாந்தான் தண்ணி அடுப்புல வெச்சுக் கொளுத்திப்போட்டேன்." தாமதம். எதற்கும் தாமதிக்கிற மனுஷன். "தெரியும்" என்றார். "பச்சை நாடா எரியாம உருகி அடுப்புக் கல்லுல ஒட்டிக் கெடந்துச்சு. சொரண்டி எடுத்துட்டேன், நீ பாத்தீன்னா சங்கடப்படுவயேன்னு." "அப்பறம் எதுக்குங்க ரெண்டு நாளு வேலியோரம் தேடுனீங்க?" "தேடாம இருந்தா நீ என்ன நெனப்ப?" மடியில் கிடந்த தொப்பியின் ஓலையை நகத்தால் கீறினேன். "தொப்பி கெடக்குது, உடு" என்றார். "அந்தத் துண்ட மறக்காம பத்தரமா கொண்டாந்துரு மயிலா. தோளு வெறும் தோளா இருக்குது." அதுவும் தெரிந்திருக்கிறது. துண்டு மடியில்தான் கிடந்தது, தொப்பிக்கு அடியில். கொண்டு வருகிறேன் என்றேன். அந்த இரண்டு அமுக்கை அவளுக்கு நான் கொடுத்துவிட்டதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "என்ன, இன்னுமென்னமோ சொல்ல வந்த?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். போன் வழியாக விரல் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சுண்டு விரலை மடக்கி, அந்தத் துண்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன்.